முதல் பேஸ் கிட்டார்: பெங்களூரில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக பேஸ் கிட்டார் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தலைகீழ் வரிசையில் போகிறார்கள். முதலில் நிறம், அப்புறம் பிராண்ட், அப்புறம் விலை. வீட்டுக்குக் கொண்டுவந்து பையைத் திறந்த பிறகுதான், இதை எதில் மாட்டிக் கேட்பது என்ற கேள்வியே வருகிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த மாடல் நல்லது என்று வாரக்கணக்கில் வீடியோ பார்க்கிறார்கள். கடையில் அந்த மாடலில் இரண்டு பீஸ் இருந்தால், எதை எடுப்பது என்று பார்க்க ஐந்து நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. ஆரம்ப விலை கிட்டார்களில் ஒரே மாடலின் இரண்டு பீஸுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு பிராண்டுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். அதனால் இந்த வழிகாட்டியில் மாடல் பேச்சு குறைவு, சோதனை அதிகம்.

1. எங்கே, யாரோடு வாசிக்கப் போகிறீர்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். அடுத்த ஒரு வருடத்துக்கான பதில் போதும்.

கோரமங்களாவிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பிஜி அறையில் இருந்துகொண்டு, வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு இளையராஜா பாட்டின் பேஸ் லைனைப் பழகப் போகிறவருக்குத் தேவை ஹெட்ஃபோன். சிவாஜிநகர், விவேக்நகர் பக்கம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பாடும் குழுவில் சேரப் போகிறவருக்குத் தேவை மிக்சரில் ஒழுங்காக ஒலிக்கும் கிட்டார். ஆபீஸ் நண்பர்களோடு பேண்ட் என்றால், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்களில் பெரும்பாலும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) இருக்கும், கிட்டாரையும் கேபிளையும் கொண்டுபோனால் போதும்.

மூவருக்கும் கிட்டார் ஒன்றாகவே இருக்கலாம். கூட வாங்கும் பொருள் வேறு, பணம் பிரியும் விதமும் வேறு.

2. பணத்தை முதலிலேயே பிரித்து வையுங்கள்

மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிட்டாருக்குப் போகக் கூடாது. மீதியில் இவை வந்தாக வேண்டும்: கேட்பதற்கான கருவி, நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், பஞ்சு வைத்த பை, ஒரு செட்டப் கூலி (கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்து தருவதற்கு).

செட்டப் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டியிலிருந்து வந்த கிட்டார் அப்படியே சரியாக இருப்பது அதிர்ஷ்டம். கம்பி ஃப்ரெட்டிலிருந்து (விரல் அழுத்தும் பகுதியில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) அதிக உயரத்தில் நின்றால் விரல் வலிக்கும். பழகுகிறவர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார், கிட்டாரை அல்ல.

ஸ்ட்ராப் அகலமாக ஏன்? பேஸ் கிட்டாரின் எடை பெரும்பாலும் மூன்றரை கிலோவிலிருந்து நாலரை கிலோ வரை. ஒல்லியான ஸ்ட்ராப் அரை மணி நேரத்தில் தோளை அறுத்துவிடும்.

3. எதில் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

கிட்டாருக்கு முன்னால் இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. பேஸின் தடிமனான ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கரும் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரும் அந்த ஆழத்தைத் தராது. தவிர, ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், தாளம் பழகவே முடியாது. "வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் போட்டுக்கொள்கிறேன்" என்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

அறையில் தனியாகப் பழக: கிட்டாரின் ஜாக்கில் நேராகச் செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் மாதிரியானவை. பேஸுக்கென்று உள்ளதையே கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பும், கிட்டாரை அதில் இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸும் ஏற்கெனவே இருந்தால் இதுவும் வேண்டாம்.

வெளியே கேட்க வேண்டும் என்றால்: 15 முதல் 25 வாட் வரையிலான பேஸ் ஆம்ப். ஹெட்ஃபோன் துளையும், பாட்டைப் போனிலிருந்து செருகிக் கேட்கும் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்ஸோடு வாசிக்க இது போதவே போதாது. அதற்கு நூறு வாட்டும் மேலும் வேண்டும், அதை முதல் வருடத்தில் வாங்காதீர்கள்.

நண்பரின் சாதாரண கிட்டார் ஆம்ப் சும்மா கிடக்கிறதா? குறைந்த சத்தத்தில் பழகலாம். சத்தத்தை ஏற்றினால் அதன் ஸ்பீக்கர் கெட்டுப்போகும், ஆழமான ஒலிக்கு அது செய்யப்படவில்லை.

அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு ஒன்று: பேஸ் ஒலி சுவரையும் தரையையும் எளிதாகத் தாண்டும். உங்களுக்குச் சின்னதாகக் கேட்பது கீழ்வீட்டில் உறுமலாகக் கேட்கும். ஆம்பைத் தரையில் வைக்காமல் தடிமனான மெத்தைத் துண்டின் மேல் வைத்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் இரவில் ஹெட்ஃபோன்தான்.

4. எத்தனை கம்பி, எவ்வளவு நீளம்

நான்கு கம்பி. தடிமனிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. பாடங்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் இதை வைத்தே இருக்கின்றன. நெக்கும் (கம்பிகளை விரலால் அழுத்தும் நீண்ட கைப்பகுதி) அகலம் குறைவு, தொடாத கம்பிகளை அடக்கி வைக்கும் வேலையும் குறைவு. பேஸில் பாதி வித்தை இந்த அடக்குவதில்தான் இருக்கிறது.

பாடகர் குழுவில் வாசிப்பவர்களிடம் மட்டும் ஐந்து கம்பிக்கு ஒரு நியாயம் உண்டு. பாடுகிறவர்களின் குரலுக்கேற்ப ஸ்கேல் ஈ ஃப்ளாட்டுக்கோ டிக்கோ இறங்கும். நான்கு கம்பியில் ஈ-க்குக் கீழே ஸ்வரம் கிடையாது, ஈ ஃப்ளாட் வேண்டுமென்றால் ஏ கம்பியின் 6-ஆம் ஃப்ரெட்டுக்கு ஏற வேண்டும். கீழே பி கம்பி இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் முதல் வருடம் நான்கில் பழகி, தேவைப்பட்டால் கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கிக்கொள்வதையே சொல்வேன். மலிவான ஐந்து கம்பி கிட்டார்களில் அந்த பி கம்பி தொளதொளவென்று ஒலிப்பது சகஜம். (கீபோர்டுக்காரரின் விரலைப் பார்த்து வாசிக்காதீர்கள். ஸ்கேலைத் தானே மாற்றித் தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு அவர் சி-யிலேயே உட்கார்ந்திருப்பார்.)

நீளம்: நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி பதியும் பள்ளமுள்ள பட்டை) பிரிட்ஜ் (அடிப்பக்கம் கம்பியைப் பூட்டும் இடம்) வரை கம்பி அதிரும் தூரம் வழக்கமாக 34 அங்குலம். குட்டை ரகம் 30 அங்குலம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, அல்லது கை சின்னதாக உள்ளவருக்கு, குட்டை ரகம் வசதி. ஸ்குயர் பிராங்கோ 30 அங்குலம், ஐபனெஸ் மிக்ரோ 28.6 அங்குலம். பெரியவர்கள் 34-ஐ ஒருமுறை நின்றபடி மாட்டிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். முதல் நாளில் எல்லோருக்கும் அது நீளமாகத்தான் தெரியும்.

5. பிக்கப்பும் பேட்டரியும்: சுருக்கமாக

பிரசிஷன் வகையில் நடுவில் பிளவுபட்ட ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவி). கனமான, நேரான ஒலி, இரைச்சலும் குறைவு. ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப். ஒலியை மாற்றிக்கொள்ள இடம் அதிகம், நெக்கும் நட்டருகே 38 மி.மீ. அளவில் ஒல்லி. ஆனால் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும், இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்கும். இரண்டும் கலந்த பிஜே வகை பொதுவான தேர்வு. இதில் எதை எடுத்தாலும் தவறில்லை, இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரி இல்லாத பாசிவ் வகையே முதல் கிட்டாருக்கு நல்லது. ஆக்டிவ் வகையில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியபடியே விட்டால் அது தீர்ந்துகொண்டே இருக்கும், ஒருநாள் பாட்டின் நடுவே ஒலி கரகரத்து இறங்கும். எடுத்தால் கேபிளைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் வேண்டும்.

6. நான்கைந்து பெயர்களோடு நிறுத்துங்கள்

யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 180, ஸ்குயர் அஃபினிட்டி வரிசை, கோர்ட் ஆக்‌ஷன் வரிசை. பட்ஜெட்டுக்குள் வரும் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டால் போதும். இவற்றுக்குக் கீழே, பாதி விலைக்குக் கிடைப்பவை மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவற்றில் அடுத்த பகுதியில் வரும் சோதனையில் தேறும் பீஸ் கிடைப்பது கடினம். அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழையது மேல்.

7. கடைக்குப் போகும் முன்

வார நாளில், காலையில் போங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் நாலு கிட்டாரில் சோலோ அடித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் கிட்டாரின் கம்பி ஃப்ரெட்டில் உரசுவது காதிலேயே விழாது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன ஸ்டீல் ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு, போனில் ட்யூனர் செயலி, உங்கள் ஹெட்ஃபோன். பேஸ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கீழே உள்ளவற்றில் எதற்கும் வாசிக்கத் தெரிய வேண்டாம்.

8. ஆம்பில் மாட்டாமல் செய்ய வேண்டிய சோதனை

இதுதான் முக்கியமான பகுதி, வரிசை மாறாமல் செய்யுங்கள். ஆம்பில் மாட்டியதும் அந்தச் சத்தத்தில் மனம் மயங்கிவிடும், குறைகள் தெரியாது.

முதலில் ட்யூன் செய்யச் சொல்லுங்கள். கம்பி தளர்ந்திருந்தால் நெக்கின் வளைவும் மாறிவிடும், பிறகு அளக்கும் எதுவும் உண்மை சொல்லாது. ட்யூன் ஆனதும் ஒவ்வொரு கம்பியையும் லேசாக இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். புதுக் கம்பி ஒருமுறை இறங்கலாம். திரும்பத் திரும்ப இறங்கினால் கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீயைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து நேர்க்கோடு. ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீகள் உள்ள தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பாருங்கள். ஒரு விளிம்பு மேலேயும் மறு விளிம்பு கீழேயும் முறுக்கிக்கொண்டு போனால் கீழே வைத்துவிடுங்கள். வளைவைச் சரிசெய்யலாம், முறுக்கை எளிதில் சரிசெய்ய முடியாது. அப்படியே ஈ கம்பியும் ஜி கம்பியும் நெக்கின் இரு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஜி கம்பி ஓரத்தை ஒட்டி ஓடினால், வாசிக்கும்போது விரலோடு சேர்ந்து ஃப்ரெட்டை விட்டு நழுவும்.

பிறகு வளைவு. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டில், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) கால் திருகு இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நெக் அசைந்தால் நல்லது. ராட் ஏற்கெனவே முடிந்த மட்டும் இறுகிப்போயிருந்தால் அந்தப் பீஸ் வேண்டாம். இனி சரிசெய்ய வழியே இல்லாத கிட்டாரை வாங்குவதாகிவிடும்.

அப்புறம் உயரம். 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை வைத்து அளங்கள். ஜி கம்பி 2 மி.மீ., ஈ கம்பி இரண்டரை மி.மீ. அளவில் இருந்தால் சுகம், 3 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பிரிட்ஜைப் பாருங்கள். கம்பியைத் தாங்கும் சேடில்களை இறக்க இன்னும் இடம் இருந்தால் செட்டப்பில் சரியாகும். சேடில் அடியைத் தொட்டுவிட்டும் கம்பி உயரமாகவே நின்றால், நெக் பொருந்திய கோணமே தப்பு.

நட்டையும் விடாதீர்கள். 3-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அதிகம் இருந்தால் முதல் இரண்டு ஃப்ரெட்டில் அழுத்தவே கை வலிக்கும். ஆரம்பப் பாடங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது ஒவ்வொரு ஃப்ரெட்டாக. நான்கு கம்பியிலும், முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை, ஒரே அளவு அழுத்தத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். 'ஸ்ர்ர்' என்று உரசல் வந்தால், அது எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லும். அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் என்றால் நட். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் என்றால் நெக் தேவைக்கு மேல் நேராக இருக்கிறது. 12-க்கு மேலே முழுக்க என்றால் பெரும்பாலும் கம்பி உயரம் குறைவு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. முதல் மூன்றும் செட்டப்பில் தீரும். கடைசியது தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய வேலை, புதுக் கிட்டாரில் அதை ஏற்காதீர்கள்.

"ஸ்ட்ரிங் மாத்தினா போயிடும் சார்" என்பார்கள். சில சமயம் உண்மைதான். அப்படியானால் மாற்றிக் காட்டிவிட்டு விற்கட்டும்.

ஜி கம்பியில் 5-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் சீக்கிரம் மங்கிப்போவது போலத் தெரியலாம். விலை உயர்ந்த கிட்டார்களிலும் இது உண்டு, இதற்காக ஒதுக்க வேண்டாம்.

கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சரிந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை நெக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்து மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இதை வீட்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டி, ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

9. மாட்டிய பிறகு

கடையின் பெரிய ஆம்பில் எல்லாமே நன்றாகத்தான் ஒலிக்கும். அதனால் டோன் பட்டன்களை நடுவில் வைத்து, சின்ன ஆம்பிலோ உங்கள் ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். ஒவ்வொரு குமிழாகத் திருகுங்கள், கரகரப்பு வருகிறதா? கேபிள் முனையை லேசாக அசையுங்கள், ஒலி அறுகிறதா? நான்கு கம்பியும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம் தருகின்றனவா?

மேலே சொன்ன ஒற்றை ஃப்ரெட் உரசல் தவிர, ஆம்பில் கேட்காத லேசான உரசலைப் பொருட்படுத்த வேண்டாம்.

12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி போல ஒரு ஸ்வரம் வரும். அதையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்று விலகினால் சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். போன் ட்யூனர் ஈ கம்பியில் தடுமாறினால் இந்த மணி ஸ்வரத்தை வைத்தே ட்யூன் செய்யுங்கள்.

வீட்டில் மாட்டும்போது இரைச்சல் வந்து, கம்பியைத் தொட்டதும் குறைந்தால் அது இயல்பு. கம்பியைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் உறைத்தால் உடனே ஆம்பை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று முனைச் செருகியை இரண்டு முனை அடாப்டரில் மாட்டி எர்த்தை வெட்டிவிடுவது நிறைய நடக்கிறது.

10. பழையதோ ஆன்லைனோ என்றால்

பழையதற்கும் 8-ஆம் பகுதிதான். அதோடு மூன்று: ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடத்தில் உடைந்து ஒட்டிய கோடு இருக்கிறதா, ஃப்ரெட்களில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, ட்ரஸ் ராடைத் திருகும் நட்டின் முனை மழுங்கியிருக்கிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள். பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். விற்பவர் வீட்டில் ஆம்ப் இல்லை என்றால், உங்கள் ஹெட்ஃபோன் ஆம்பை எடுத்துப் போங்கள்.

பெங்களூரில் வேலை மாறி ஊர் விட்டுப் போகிறவர்கள் நிறைய. இரண்டு மாதம் வாசித்துவிட்டு அலமாரி மேல் ஏறிய கிட்டார்கள் நல்ல விலைக்கு வரும்.

ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று முதலில் படியுங்கள். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள், வந்த அன்றே எல்லாச் சோதனையையும் முடியுங்கள். "வாரக் கடைசியில் பார்க்கலாம்" என்று வைத்தவர்களின் கெடு அதற்குள் போய்விடுகிறது.

சென்னையில் மாமா வீட்டில் கிடந்ததைக் கொண்டுவருகிறீர்களா? உடனே செட்டப்புக்குக் கொடுக்காதீர்கள். கடற்கரை ஊரின் ஈரக் காற்றிலிருந்து இங்கே, குறிப்பாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காற்றுக்கு வந்ததும் மரம் சுருங்கும், நெக் அசையும், ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டும். ஒரு வாரம் பத்து நாள் அறையில் இருக்கட்டும், பிறகு கொடுங்கள்.

11. வீட்டுக்குக் கொண்டுபோவதும் முதல் செட்டப்பும்

டூவீலரில் பின்னால் மாட்டிக்கொண்டு போனால் ஹெட்ஸ்டாக் உங்கள் ஹெல்மெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மரக்கிளை, பேஸ்மெண்ட் பார்க்கிங்கின் தாழ்ந்த கூரை, இரண்டும் அதைப் பதம் பார்க்கும். மெட்ரோவோ ஆட்டோவோ நல்லது. மழைக்காலத்தில் பைக்கு மேல் போடும் உறையும் வேண்டும்.

செட்டப்புக்குக் கொடுக்கும்போது "சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில் உரசல், எவ்வளவு உயரம் வேண்டும், எந்த ட்யூனிங்கில் வாசிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அப்படி இறக்கியே செட்டப் செய்ய வேண்டும், கம்பியின் இழுவை குறைந்தால் நெக்கின் வளைவும் மாறும்.

கம்பியும் அப்போதே மாற்றுவது என்றால் 45-லிருந்து 105 வரையிலான வழக்கமான செட்டைக் கேளுங்கள். தடிமன் மாறினால் மறுபடி செட்டப் வேண்டியிருக்கும். கழற்றிய கம்பிகளைத் தூக்கிப் போடாமல் சுருட்டிப் பையில் வையுங்கள். பேஸ் கம்பி அறுவது அபூர்வம், ஆனால் அறுந்தால் கடையில் ஒற்றைக் கம்பி கிடைக்காமல் முழு செட் வாங்க வேண்டியிருக்கும்.